நெல்லை உரிக்கும் ரப்பர்... 2 மில்லி விநாடியில் இறுகுவது ஏன்? தஞ்சை அரிசி ஆலைகளில் ஒளிந்திருக்கும் அறிவியல்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் எந்த நவீன அரிசி ஆலைக்குள் போனாலும் இந்த மிஷினைப் பார்க்கலாம். மேலே புனல் மாதிரி ஒரு பெட்டி, அதில் நெல் கொட்டுகிறது. கீழே உமி தனியாக, அரிசி தனியாக வருகிறது. நடுவில் நடப்பதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. அவ்வளவு வேகம்.

உள்ளே இருப்பது இரண்டு ரப்பர் உருளைகள். ஆலைக்காரர்கள் 'ரப்பர் ரோல்' என்பார்கள், மிஷினுக்கு 'ஷெல்லர்' என்று பெயர். இந்த ரப்பர் கொஞ்சம் அதிகமாக இறுகினால் அரிசி உடைந்து நொய்யாகும். கொஞ்சம் இளகினால் உமி கழலாமல் நெல் நெல்லாகவே கீழே வரும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

அப்படியானால் நல்ல பதமான ரப்பராகப் பார்த்து வாங்கிவிட்டால் போதுமே? அங்கேதான் சிக்கல். ரப்பரின் பதம் நிலையான ஒன்றல்ல. மெதுவாக அழுத்தினால் ஒரு பதம், வேகமாக அழுத்தினால் வேறொரு பதம். கையால் அமுக்கிப் பார்த்தோ, கடினத்தன்மை எண்ணைப் பார்த்தோ வாங்குகிற ரப்பர், மிஷினுக்குள் போனதும் வேறு பொருள் மாதிரி நடந்துகொள்ளும். உலகம் முழுக்க ரப்பரை வெவ்வேறு வேகங்களில் இழுத்தும் அடித்தும் சோதிப்பது இதனால்தான்.

உரலில் இருந்து ரப்பருக்கு

உரலும் உலக்கையும் போய், கிராமத்துக்கு ஒரு மில் வந்தபோது அதில் இருந்தது 'ஹல்லர்'. எவரிஸ்டோ கான்ராடோ எங்கெல்பெர்க் என்பவர் 1885ல் பிரேசிலில் உருவாக்கிய மிஷினின் வழித்தோன்றல் அது. இரும்பு உருளை சுழலும், நெல் அதற்கும் சல்லடைத் தகட்டுக்கும் நடுவில் உரசி உரசி உமி நீங்கும். உமி, தவிடு, நொய் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வெளியே வரும். இரும்பு விட்டுக்கொடுக்காது என்பதால் உடைவது அரிசிதான்.

1960களில் காட்சி மாறத் தொடங்கியது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூரும் ஒன்று. விளைச்சல் கூடியது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. குறுவை அறுவடையும் மழையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நனைந்த நெல்லை என்ன செய்வது? திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967ல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது இந்தக் கேள்விக்காகத்தான். அது 1972ல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஆனது, பின்னர் தஞ்சாவூருக்கு இடம் மாறியது. தஞ்சை புதுக்கோட்டை சாலையில் இன்று 'நிஃப்டெம்' என்று பெயர்ப்பலகை தாங்கி, 2021 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக இருக்கிறதே, அதன் வேர் இந்தத் திருவாரூர் ஆய்வுக்கூடம்தான்.

நவீன ஆலை என்றால் முதல் அடையாளம் ரப்பர் ரோல். இரும்புக்குப் பதில், நெல் பட்டால் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள்.

அந்த 2 மில்லி விநாடியில் என்ன நடக்கிறது?

இரண்டு உருளைகளும் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று இடம் மாறாதது, வேகமானது. இன்னொன்று நகர்த்தக்கூடியது, சுமார் 25 சதவீதம் மெதுவாகச் சுற்றுவது. நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு நெல்லின் தடிமனைவிடக் குறைவு. நெல் அதில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் ரப்பர் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்து உமியை வேகமான உருளை முன்னால் இழுக்கும், மறுபக்கத்து உமி பின்தங்கும். சட்டையைக் கழற்றுவது போல உமி கழன்றுவிடும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்குப் பிடிக்காதவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம்.

உருளையின் விட்டம் 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகமான உருளை நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் அதன் மேற்பரப்பு விநாடிக்கு 13 மீட்டருக்கும் மேல் ஓடும். மெதுவான உருளை சுமார் 10 மீட்டர். நெல்லின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர், இடைவெளி 0.8 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு பக்க ரப்பரும் 0.6 மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும். அப்போது நெல் ரப்பரின் பிடியில் இருக்கும் தூரம் தோராயமாக இரண்டரை சென்டிமீட்டர். அதைக் கடக்க ஆகும் நேரம் 2 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியை 500 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு!

அந்த நேரத்துக்குள் இரண்டு உருளைகளும் ஒன்றை ஒன்று முந்தும் தூரம் சுமார் 7 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு நெல்லின் நீளம். உமி கழல அது போதும்.

இந்த 2 மில்லி விநாடியில் முதல் பாதி ரப்பர் அமுங்குவதற்கு, மறுபாதி அது பழைய நிலைக்குத் திரும்புவதற்கு. முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்த நெல் வந்துவிடும்.

ரப்பருக்கு வேகம் எப்படித் தெரியும்?

இரும்புக் கம்பியை மெதுவாக வளைத்தாலும் வேகமாக வளைத்தாலும் அன்றாடப் பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரப்பர் அப்படி இல்லை. காரணம் அதன் உள்கட்டமைப்பு.

வைக்கோல் போரை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போட ஒரு பிடி வைக்கோலை நிதானமாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அதே பிடியை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், போரே சேர்ந்து எதிர்க்கிற மாதிரி இருக்கும். வைக்கோல் அதேதான், கையும் அதேதான். மாறியது வேகம் மட்டும். ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விலகுவதற்கு வைக்கோலுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ரப்பரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள்தான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது (வல்கனைசேஷன் என்று பள்ளியில் படித்தோமே, சார்லஸ் குட்இயர் 1839ல் கண்டது) இந்தச் சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சு விழுகிறது. முடிச்சு இருப்பதால் இழுத்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. முடிச்சுகளுக்கு நடுவே இருக்கும் பகுதி மட்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நகரும். நகர நேரம் கொடுத்தால் இளக்கம். கொடுக்காவிட்டால் இறுக்கம்.

இழுவிசைக்கு ஏற்ப நீள்வது ஒரு குணம். பாகு மாதிரி, அவசரப்படுத்தினால் எதிர்ப்பது இன்னொரு குணம். இரண்டும் சேர்ந்திருப்பதால் தமிழில் இதைப் பாகுமீள்தன்மை என்கிறார்கள். கொஞ்சம் கடினமான சொல்தான், ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடிக்கிற சொல்.

குளிர்விப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் ரப்பருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது இதில் சுவாரஸ்யமான சங்கதி. குளிர்ந்தால் சங்கிலிகள் சோம்பலாக நகரும். வேகமாக அடித்தால், நகரவே நேரம் இருக்காது. விளைவு ஒன்றே. இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் அருகே கண்ணாடி போல் ஆகிவிடும். திரவ நைட்ரஜனில் முக்கிய ரப்பர் பந்து கீழே விழுந்து சில்லு சில்லாக உடையும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். போதுமான வேகத்தில் அடித்தால் சாதாரண வெப்பநிலையிலேயே ரப்பர் அந்தத் திசையில் நகரத் தொடங்கும். வெப்பநிலைக்கும் வேகத்துக்குமான இந்த உறவை மால்கம் வில்லியம்ஸ், ராபர்ட் லாண்டெல், ஜான் ஃபெர்ரி ஆகிய மூவரும் 1955ல் ஒரு சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். இன்றும் டயர் கம்பெனி ஆய்வகங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம்

அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து வேகமாக இழுத்து, உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள். லேசாகச் சூடு தெரியும். கொஞ்ச நேரம் இழுத்தபடியே வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது குளிரும். ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் 1805ல் எழுதிவைத்த சோதனை இது. அவருக்குக் கண்பார்வை கிடையாது. உதடுதான் அவருடைய தெர்மாமீட்டர்.

இதே பேண்டை மிக மிக மெதுவாக இழுத்தால் அந்தச் சூடு தெரியாது. உண்டாகும் வெப்பம் காற்றில் போய்விடும். ஆக, எவ்வளவு இழுத்தோம் என்பதோடு எவ்வளவு வேகமாக இழுத்தோம் என்பதும் கணக்கில் வந்துவிட்டது.

இன்னொன்று பலூன். புது பலூனை முதல் தடவை ஊதும்போது கன்னம் வலிக்கும். காற்றை இறக்கிவிட்டு இரண்டாவது தடவை ஊதினால் சுலபம். முதல் நீட்சியிலேயே ரப்பர் உள்ளுக்குள் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. இதற்கு மல்லின்ஸ் விளைவு என்று பெயர். அதனால்தான் சோதனைக்கூடங்களில் புது ரப்பர் துண்டைச் சில தடவை இழுத்துவிட்டு, பிறகு அளவெடுப்பதும் உண்டு. புது ரப்பரின் முதல் அளவை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். (பலூன் என்றதும் ஒரு துணைத் தகவல்: இன்று டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத்தான் தொடங்கியது.)

சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்?

ரப்பருக்கான அடிப்படைச் சோதனை இழுவைச் சோதனை. ரப்பர் தகட்டில் இருந்து, இரண்டு முனையும் அகலமாக, நடுவில் ஒடுங்கி இருக்கும் துண்டை வெட்டி எடுப்பார்கள். உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல் மாதிரி இருப்பதால் பெயரும் டம்பெல்தான். யுடிஎம் எனப்படும் மிஷினின் இரண்டு தாடைகளில் அதைக் கவ்வவைத்து, அறுந்து போகும்வரை இழுப்பார்கள். இந்தியாவில் இதற்கான வழிமுறை ஐ.எஸ். 3400 என்ற தரநிலையில் இருக்கிறது. உலக அளவில் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர்.

கேட்பதற்கு வேகமாகத் தெரியும். ஆனால் துண்டின் ஒடுங்கிய பகுதியில் 25 மில்லிமீட்டருக்குக் குறி போட்டு இழுத்தால், அது இரண்டு மடங்காக நீளத் தோராயமாக 3 விநாடி ஆகும். 30 சதவீதம் நீள ஒரு விநாடி. ஷெல்லருக்குள் நெல்லைத் தொடும் இடத்தில் ரப்பர் ஏறத்தாழ அதே அளவு உருமாற எடுத்துக்கொள்வது ஒரு மில்லி விநாடி. வித்தியாசம் சுமார் ஆயிரம் மடங்கு! மாட்டுவண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ரயிலுக்குச் சான்றிதழ் கொடுத்தால் எப்படி இருக்கும்?

இதைச் சொல்லி அந்தச் சோதனையைக் குறை சொல்லக் கூடாது. ஒரு கம்பெனி ரப்பரையும் இன்னொரு கம்பெனி ரப்பரையும் ஒப்பிட எல்லோரும் ஒரே வேகத்தில் இழுத்தாக வேண்டும். அதற்காக வைத்த வேகம் அது. மிஷினுக்குள் ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது அதன் வேலையே அல்ல.

அடுத்தது, ஆலைக்காரர்களுக்குப் பழக்கமான 'ஷோர்' எண். ஆல்பர்ட் ஷோர் என்ற அமெரிக்கர் பெயரில் வழங்கும் இந்தக் கருவியின் முனையில் ஒரு சின்ன ஊசி. ரப்பரில் வைத்து அழுத்தினால் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்பதை 0 முதல் 100 வரை காட்டும். 100 என்றால் இறங்கவே இல்லை. அரிசி ஆலை ரோல்கள் பெரும்பாலும் 90ஐ ஒட்டி இருக்கும். செருப்பு அடிப்பாகத்தைவிட நன்றாகவே கெட்டி.

இந்தக் கருவியிலேயே நம்ம விஷயம் ஒளிந்திருக்கிறது. அழுத்தியவுடன் ஓர் எண் காட்டும். கையை எடுக்காமல் 10, 15 விநாடி அப்படியே வைத்திருந்தால் எண் மெல்ல இறங்கும். ரப்பர் விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் ஒரு விநாடியில் படிப்பதா, 3 விநாடியில் படிப்பதா என்று தரநிலைகள் நேரத்தையும் சேர்த்தே சொல்கின்றன. 'ஷோர் 90' என்று எழுதி, எத்தனை விநாடியில் படித்தது என்று எழுதாமல் விட்டால் அது பாதித் தகவல்தான். ஒரே 90 போட்ட இரண்டு ரோல்களில், ஒன்று 15 விநாடியில் 88க்கு வரும், இன்னொன்று 82க்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ரப்பர் இல்லை. இரண்டாவதில் பாகுத்தன்மை அதிகம், வேகமான ஓட்டத்தில் அதிகம் சூடாக வாய்ப்பும் அதிகம்.

துள்ளல் சோதனையும் உண்டு. ரப்பர் மேல் ஓர் எடை வந்து மோதும், எவ்வளவு தூரம் துள்ளித் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். திரும்பாத பங்கு ரப்பருக்குள் வெப்பமாகப் போய்விட்டது என்று அர்த்தம். மோதல் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் என்பதால், மேலே சொன்ன இரண்டையும்விட ஷெல்லரின் நிஜ நிலைமைக்கு இதுதான் கிட்டத்தில் வருகிறது. இவ்வளவு எளிய சோதனைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை என்பது நம் கருத்து.

டயர் கம்பெனிகள் ரப்பரை விநாடிக்குப் பல தடவை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு வேகத்திலும் வெப்பநிலையிலும் எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது, எவ்வளவு வீணாகிறது என்று வரைபடமே போட்டுவிடுகின்றன. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடங்களில் இதுவும் ஒன்று.

இன்னும் வேகம் வேண்டுமென்றால்?

யுடிஎம் மிஷினின் தாடையை ஒரு அளவுக்கு மேல் வேகமாக ஓட்ட முடியாது. அதற்கு மேலே, அடிக்கத்தான் வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914ல் ஒரு நீண்ட உலோகக் கம்பியின் ஒரு முனையில் அடி விழும்போது, அந்த அடி அலையாக ஓடி மறுமுனைக்கு வருவதை அளக்க வழி கண்டார். 1949ல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி அதே கம்பியை இரண்டாக வெட்டி, நடுவில் சோதிக்க வேண்டிய பொருளை வைத்தார். முதல் கம்பியில் அடி. அலை ஓடி வந்து பொருளைத் தாக்கும். கொஞ்சம் திரும்பிப் போகும், கொஞ்சம் பொருளைத் தாண்டி இரண்டாவது கம்பிக்குள் போகும். திரும்பியதையும் தாண்டியதையும் அளந்தால் அந்தப் பொருள் எவ்வளவு உருமாறியது, எவ்வளவு எதிர்த்தது என்று கண்டுபிடித்துவிடலாம். மொத்த சோதனையும் ஒரு மில்லி விநாடிக்குள் முடியும்.

உலோகத்துக்கு அழகாக வேலை செய்யும் இந்த முறை ரப்பரிடம் கொஞ்சம் திண்டாடும். உருக்குக் கம்பிக்குள் அலை விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். மென்மையான ரப்பர் துண்டுக்குள் சில பத்து மீட்டர்தான். இந்த முனை அமுங்கிய செய்தி அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் சோதனை பாதி முடிந்திருக்கும்! அதனால் துண்டை மிக மெல்லியதாக வெட்டுவார்கள். அலையின் பெரும்பகுதி ரப்பரில் பட்டுத் திரும்பிவிடுவதால் இரண்டாவது கம்பிக்குப் போகும் அலை மிகச் சன்னமாக இருக்கும். உருக்குக்குப் பதிலாக அலுமினியம், பிளாஸ்டிக் கம்பிகளைப் பயன்படுத்துவது அதற்காகத்தான்.

ஷெல்லரின் வேகம், சாதாரண இழுவை மிஷினுக்கு எட்டாத, கோல்ஸ்கி கம்பியின் கீழ்ப்படியில் வருகிற வேகம். சோதிப்பதற்கே தொல்லையான இடைப்பட்ட வேகம் என்றும் சொல்லலாம்.

7 உயிர்களைப் பறித்த ரப்பர் வளையம்

'இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பவர்களின் வேலை' என்று தோன்றலாம். ரப்பரின் வேகத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட்டதற்கு உலகம் கொடுத்த மிகப் பெரிய விலை, நெல் ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் நடந்தது.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. 7 பேரும் பலி. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் ஒன்று எரிவாயுவை அடைக்கத் தவறியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

ராக்கெட் பற்றவைத்ததும் அந்த இணைப்பு லேசாகத் திறக்கும். சுமார் 0.6 விநாடிக்குள். திறக்கும் இடைவெளியை, அமுங்கி இருக்கும் ரப்பர் வளையம் உடனே விரிந்து நிரப்ப வேண்டும். வழக்கமான நாளில் நிரப்பும். அன்று காலை கடும் குளிர். சுமார் 24 டிகிரி செல்சியஸில் இருக்கும் வளையம், மைனஸ் 1 டிகிரியில் இருக்கும் வளையத்தைவிட ஐந்து மடங்கு சுறுசுறுப்பாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும் என்கிறது விசாரணைக் குழுவின் அறிக்கை. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், விசாரணையில் எல்லோர் முன்னிலையிலும் அந்த ரப்பர் துண்டை ஒரு கவ்வியில் அழுத்தி ஐஸ் தண்ணீரில் போட்டு, வெளியே எடுத்துக் காட்டியது புகழ்பெற்ற காட்சி. கவ்வியை எடுத்த பிறகும் ரப்பர் உடனே நிமிரவில்லை.

கவனிக்க வேண்டியது, அந்த வளையம் திரும்பவே திரும்பாத ரப்பர் அல்ல. கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் திரும்பியிருக்கும். அந்த நேரம்தான் அன்று இல்லை.

சரி, டெல்டாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

இங்கே உயிர் போகாது. போவது அரிசி.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதல் செய்யும் நெல், அரவை முகவர்களான ஆலைகளுக்குப் போகிறது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறையில் இருந்துவரும் கணக்கு. அதில் உடைந்த அரிசி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. மத்திய அரசின் தர விவரக்குறிப்புகளில் பச்சரிசிக்கு 25 சதவீதம், புழுங்கலுக்கு 16 சதவீதம் என்று இருந்துவந்தது. தாண்டினால் அரிசி தேறாது. ரேஷன் கடையில் நம் பைக்கு வரும் அரிசியில் நொய் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் இடங்களில் இந்த 2 மில்லி விநாடியும் ஒன்று. பாலிஷரிலும் உடையும், வெயிலில் காயப்போடும்போது வெடித்ததும் உடையும். எல்லாப் பழியையும் ரோல் மேல் போட முடியாது. ஆனால் உமி உரிக்கும் இடத்தில் விழுந்த விரிசல், பாலிஷரில் போய் இரண்டு துண்டாகும்.

ஈரம் இன்னொரு பிரச்னை. அரவைக்கு 14 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் சரியாக இருக்கும். கொள்முதலுக்கு வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். மழையில் சிக்கிய குறுவை நெல் அதையும் தாண்டி நிற்கும். ஈர உமி சுலபத்தில் கழலாது. சரியாகக் காயாத நெல் உள்ளே வந்தால் ஆபரேட்டர் இடைவெளியைக் குறைப்பார். இடைவெளி குறைந்தால் அதே நேரத்துக்குள் ரப்பர் இன்னும் ஆழமாக அமுங்க வேண்டும், அதாவது இன்னும் வேகமாக. ரப்பர் இன்னும் இறுகிக் காட்டும். அந்த இறுக்கம் முழுவதும் ஈரத்தால் மெலிந்த அரிசி மேல் விழும்.

ரகமும் பார்க்க வேண்டும். சி.ஆர். 1009 குட்டையான தடித்த நெல், ஏ.டி.டி. 43 சன்னம். ஒன்றுக்கு வைத்த இடைவெளியில் இன்னொன்றை ஓட்டினால், தடித்த நெல் நசுங்கும் அல்லது சன்ன நெல் உரிபடாமலே தப்பிக்கும். புழுங்கல் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. வேகவைக்கும்போதே உமி வாய் பிளந்துவிடும், அரிசியும் இறுகிவிடும். பச்சரிசிக்குத்தான் ரப்பரின் பதம் ரொம்ப முக்கியம்.

வெப்பம் எதிர்த்திசையில் இழுக்கும். ஒவ்வொரு நெல்லுக்கும் அமுங்கி எழும் ரப்பர், கொஞ்சம் ஆற்றலை உள்ளேயே வெப்பமாக வைத்துக்கொள்கிறது. உமியை உரசும் சூடு தனி. வேகம் ரப்பரை இறுக்கப் பார்க்கும், சூடு அதை இளக்கப் பார்க்கும். காலையில் மிஷின் போட்டவுடன் சரியாக ஓடிய அதே இடைவெளி, சில மணி நேரத்தில் சரிப்படாமல் போவதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம். ரோலுக்குக் காற்று ஊதிக் குளிர்விக்கும் வசதி பல மிஷின்களில் இருப்பது சும்மா இல்லை.

ஆலை வைத்திருப்பவர்கள் ரோல் வாங்கும்போது ஷோர் எண்ணோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை விநாடியில் படித்த எண்? துள்ளல் சோதனையில் எவ்வளவு? எந்த வெப்பநிலையில் சோதித்தது? விற்பவரிடம் பதில் இல்லையென்றால், வந்த ரோலில் ஷோர் கருவியை வைத்து உடனடி எண்ணையும் 15 விநாடி எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். மிஷினில் ஓடி நிறுத்தியவுடன், சூடு ஆறுவதற்குள் மறுபடி ஒரு தடவை. இரண்டு நிமிட வேலை. அடுத்த தடவை வேறு கம்பெனி ரோல் வரும்போது ஒப்பிட அந்தக் குறிப்பு கையில் இருக்கும்.

தேய்மானத்தையும் சொல்லிவிட வேண்டும். வேகமான உருளைதான் சீக்கிரம் தேயும். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம்: வேகமான உருளையின் விட்டம் 230 மில்லிமீட்டருக்கு இறங்கி, மெதுவானது 250ல் நின்றால், சுற்று எண்ணிக்கை மாறாமலேயே இரண்டு மேற்பரப்புகளுக்கும் இடையிலான வேக வித்தியாசம் 25 சதவீதத்திலிருந்து 19க்குக் கீழே போய்விடும். உமி கழலாது. ஆபரேட்டர் இடைவெளியை இறுக்குவார், நொய் கூடும். இரண்டு உருளைகளையும் இடம் மாற்றிப் போட்டால், பெரியது வேகமான பக்கம் வந்து, வித்தியாசம் 30 சதவீதத்தைத் தொடும். அனுபவப்பட்ட மில் மெக்கானிக்குகள் ரோலைக் கழற்றி மாற்றி மாற்றிப் போடுவதற்குக் காரணம் இதுதான்.